தூளியும் சங்கிலியும்

ஏர்வாடி, சிக்கல், கீழக்கரை, சாயல்குடி வட்டாரங்களில் மனநோயாளிகளோடு பணியாற்றும் ஆற்றுப்படுத்துநர்கள், உளவியல் பட்டதாரிகள், செவிலியர், காப்பகப் பணியாளர் அனைவருக்கும்

பேச்சு வருவதற்கு முன்பே மனிதருக்குப் பயம் வந்துவிடுகிறது. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குப் பசி என்ற சொல் தெரியாது; அம்மா வந்துவிடுவாள் என்று காத்திருக்கவும் தெரியாது. பசி எடுத்தால் உலகமே தன்மேல் பாய்வதாக அது உணர்கிறது என்பது உளப்பகுப்பாய்வாளர்களின் கருத்து. குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த டொனால்ட் வினிகாட் அந்தப் பயங்களை வகைப்படுத்திச் சொன்னார்: துண்டு துண்டாகச் சிதறிப்போவது, முடிவில்லாமல் விழுந்துகொண்டே இருப்பது, தன் உடம்பு தன்னுடையதாக இல்லாமல் போவது, எங்கே இருக்கிறோம் என்ற திசையே அற்றுப்போவது. பெரும்பாலானவர்கள் வளர வளர இவற்றைக் கடந்துவிடுகிறார்கள். சிலருக்கு, பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளிலோ, இவை முழு வேகத்தோடு திரும்பி வருகின்றன. சொல்லுக்கு முந்திய இந்த நிலைகளைத்தான் உளப்பகுப்பாய்வில் ஆதிநிலை மனநிலைகள் என்கிறார்கள்.

ஆதி என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. படிக்காதவர், கிராமத்தார், நேர்ச்சையையும் தாயத்தையும் நம்புகிறவர் என்ற பொருள் அதில் இல்லை. வாழ்க்கையில் முதலில் வந்தது என்பது மட்டுமே பொருள். லண்டன் பேராசிரியரின் மனதிலும் அந்த அடுக்கு இருக்கிறது, வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளியின் மனதிலும் இருக்கிறது. இதை மறந்துவிட்டு நோயாளியின் எதிரில் உட்காருகிறவர், எவ்வளவு படித்திருந்தாலும் அந்த வேலைக்குத் தகுதியற்றவர்.

சிக்மண்ட் ஃபிராய்ட் இப்படி ஆதிநிலைக்குத் திரும்பிய நோயாளிகளை எடுத்துக்கொள்ளத் தயங்கினார். உணர்வுகளை மருத்துவர்மேல் ஏற்றிப் பார்க்கும் ஆற்றல், அதாவது உணர்வு இடமாற்றம், இவர்களிடம் இல்லை என்றும், ஆகவே பேச்சுச் சிகிச்சை பலிக்காது என்றும் அவர் கருதினார். ஆனால் அவரே தம் கடைசி நூலில் வேறொன்றையும் பதிவு செய்தார். கடுமையான மாயத்தோற்றங்களில் மூழ்கிக் கிடந்த நோயாளிகள் குணமான பிறகு, அந்த நாட்களிலும் தங்கள் மனதின் ஒரு மூலையில் சுயபுத்தியுள்ள ஒருவர் ஒளிந்திருந்து நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வதுண்டு என்றார். ஏர்வாடியில் வேலை செய்கிற எவருக்கும் இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. வேப்பமரத்தடியில் யாரோடும் பேசாமல் தரையைக் கீறிக்கொண்டிருக்கிறவரிடமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் உண்டு. பேச வேண்டியது அவரோடுதான்.

ஃபிராய்ட் தயங்கிய இடத்திலிருந்து மெலனி கிளைன் தொடங்கினார். 1946இல் வெளியான அவருடைய கட்டுரை, தாங்க முடியாத உணர்வைப் பிஞ்சு மனம் என்ன செய்கிறது என்பதை விவரித்தது. மனம் அதைப் பிளக்கிறது. பிளந்த துண்டை வெளியே எறிந்து இன்னொருவருக்குள் செலுத்துகிறது. பிறகு அந்த இன்னொருவரைக் கண்டே அஞ்சுகிறது. அடுத்த வீட்டுக்காரர் ஏவல் வைத்துவிட்டார் என்று அலறும் இளைஞரிடம் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். கிளைனிடம் பயின்ற ஹெர்பர்ட் ரோசன்ஃபெல்ட், ஹன்னா சீகல், வில்ஃப்ரெட் பியான் மூவரும் 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் மனச்சிதைவு நோயாளிகளையே எடுத்துச் சிகிச்சை செய்து பார்த்தார்கள்.

மூவரில் பியானின் கதை இந்திய மண்ணில் தொடங்குகிறது. 1897இல் மதுராவில் பிறந்தவர். ஆயாவின் கையில் வளர்ந்தவர். எட்டு வயதில் இங்கிலாந்து உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். அதன்பின் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. முதல் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்து, பயம் மனிதரை என்ன செய்யும் என்பதை நேரில் கண்டார். அழும் குழந்தையை எடுக்கும் தாயின் உள்ளே நடப்பதைக் கூர்ந்து எழுதியவர் அவர்.

அவர் 1962இல் சொன்னதன் சாரம் இது. குழந்தை செத்துவிடுவோம் என்ற பயத்தில் கதறுகிறது. அந்தப் பயத்தை அதனால் உள்ளே வைத்திருக்க முடியாததால் அம்மாவுக்குள் கடத்திவிடுகிறது. அம்மாவுக்கும் பதறுகிறது, ஆனாலும் அவள் நொறுங்கிவிடுவதில்லை. எடுத்து அணைத்து, "பசிக்குதாடா? வயிறு வலிக்குதா?" என்று கேட்கிறாள். பயம் அவளுக்குள் கொஞ்சம் ஆறி, பெயர் பெற்று, குழந்தைக்குத் தாங்கக்கூடிய அளவில் திரும்பிப் போகிறது. இது ஆயிரம் முறை நடந்த பிறகுதான் குழந்தைக்குத் தன் பயத்தைத் தானே தாங்கவும், அதைப் பற்றி நினைக்கவும், கனவு காணவும் முடிகிறது. ஏந்திக்கொள்ள ஆளில்லாமலோ, குழந்தையின் உடலும் நரம்பும் அந்த ஏந்தலைப் பெற முடியாமலோ போனால், எறிந்த பயம் இன்னும் பெரிதாகி, பெயரே இல்லாத திகிலாகத் திரும்பி வருகிறது.

தமிழ் வீடுகளில் இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய உருவம் ஒன்று உண்டு. உத்தரத்தில் பழஞ்சேலையைக் கட்டிய தூளி. குழந்தையின் உடம்பு முழுவதையும் துணி தழுவிப் பிடிக்கிறது. தாயின் வாசனை அதில் இருக்கிறது. ஆட்டம் சீராக வருகிறது. தாலாட்டு மேலே மிதக்கிறது. பிஞ்சு மனதின் பகுதிகளை முதலில் சிதறாமல் சேர்த்துப் பிடிப்பது தோல்தான் என்று உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் 1968இல் எழுதினார். தழுவிப் பிடிக்கும் ஏதோ ஒன்று கிடைக்காத குழந்தை சிதறலிலிருந்து தப்ப விளக்கொளியையோ, ஒரு சத்தத்தையோ, தன் தசையின் விறைப்பையோ பற்றிக்கொள்ளும் என்பது அவர் கண்டது. நாள் முழுவதும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் நோயாளி, வெயிலிலும் கம்பளியைக் கழற்றாதவர், சுவரை ஒட்டியே நடப்பவர் ஆகியோரைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும். அந்த ஆட்டமும் கம்பளியும் அவர் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட தூளி. வேறு பிடிப்பு கிடைப்பதற்கு முன் அதைப் பறிப்பது கொடுமை.

காப்பகங்களில் நோயாளிகளைக் கட்டிய சங்கிலியை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கூரையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று விதித்தது. சட்டத்தின் கதை இது. மனதின் கதை இன்னொன்று. சிதறிவிடுவோம் என்று அஞ்சுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்பதைக் குடும்பங்களும் காப்பகக்காரர்களும் அரைகுறையாக உணர்ந்திருந்தார்கள். ஆனால் இரும்பு எதையும் உள்வாங்கிக்கொள்ளாது. அதில் மோதும் பயம் அப்படியே, வலியும் சேர்ந்து, நோயாளிக்கே திரும்புகிறது. பியான் சொன்ன பெயரில்லாத் திகிலை உண்டாக்க இதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

ஏர்வாடி மரபில் இன்னொன்றும் இருக்கிறது. சுல்தான் செய்யது இப்ராகிம் பாதுஷாவின் தர்ஹாவில் தங்கும் நோயாளி, கனவில் உத்தரவு கிடைக்கும்வரை காத்திருப்பார். கனவு வந்தால்தான் வீடு திரும்பலாம். இதைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. சித்தம் கலங்கிய மனதால் கனவு காண முடியாது, அதனால் அது முழுதாகத் தூங்கவும் முடியாமல் முழுதாக விழிக்கவும் முடியாமல் நடுவில் தவிக்கிறது என்பது பியானின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. கனவு என்பது பச்சையான பயத்தை நினைக்கத்தக்க உருவமாக மாற்றும் வேலை. ஒருவர் கனவு கண்டு அதை இன்னொருவரிடம் சொல்லவும் முடிந்தால், அந்த வேலை மறுபடி தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கணிப்பில் தர்ஹா மரபும் பியானும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே வாசலில் நிற்கிறார்கள். ஆனால் கனவுக்காகக் காத்திருக்கும் காலம் மருந்தில்லாத மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ ஆகும்போது அந்த மரபைப் பாராட்ட முடியாது.

இனி நுட்பம்.

முதலில் இடமும் நேரமும். வாரம் ஐந்து நாள், ஐம்பது நிமிடம், தனி அறை என்ற லண்டன் ஏற்பாடு இந்தக் கரையில் நடக்காது; நடக்கவும் வேண்டாம். ஆனால் அதன் உட்பொருளை விட்டுவிடக் கூடாது. அதே திண்ணை, அதே நேரம், அதே ஆள். இருபது நிமிடமென்றால் இருபது நிமிடம். வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வராமல் இருப்பது மற்றவருக்குச் சிறு ஏமாற்றம்; ஆதிநிலையில் இருப்பவருக்குத் தரை பிளந்து உள்ளே விழுவது. திடீரென்று தொடக் கூடாது. "டேய்" என்றும் "வாடி" என்றும் அழைக்கும் காப்பகப் பழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். வீட்டில் அவரை எப்படி அழைத்தார்களோ, அண்ணே, அக்கா, வாப்பா, உம்மா, அந்த மரியாதையோடு பேசினால் மூலையில் ஒளிந்திருக்கும் அந்த ஒருவர் காது கொடுப்பார்.

அடுத்தது பணியாளரின் சொந்த உணர்வு. ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது. இன்னொருவரிடம் போனால் காரணமில்லாமல் கோபம் மூளுகிறது. வேறொருவரிடம் தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் அமுக்குகிறது. இவற்றை வெறும் இடையூறாக எண்ணி மறைப்பதே பழைய வழக்கமாக இருந்தது. இவை நோயாளியின் மனதை அறியும் கருவி என்று பவுலா ஹைமன் 1950இல் எழுதினார். சொல்ல முடியாததை நோயாளி பணியாளருக்குள் போட்டுவிடுகிறார். பணியாளர் அதை உணர்வதே செய்தி வந்து சேர்ந்ததன் அடையாளம். ஆனால் எல்லாவற்றையும் நோயாளியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. காலையில் வீட்டில் நடந்த சண்டையின் கோபமாகவும் அது இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய மூத்தவர் ஒருவரிடம் வாரந்தோறும் பேசியாக வேண்டும்.

கோபத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காப்பகங்களில் விழுந்த அடிகளின் வேர் அங்கேதான். 1947இல் வினிகாட் ஒரு சொற்பொழிவில், சித்தம் கலங்கியவர்களைக் கவனிப்பவர்கள் அவர்களை வெறுக்கவும் செய்கிறார்கள், அந்த வெறுப்பை அவர்கள் தமக்குள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றார். அன்புள்ள தாயும் பச்சைக் குழந்தையைச் சில கணங்கள் வெறுக்கிறாள், ஆனால் அதைக் குழந்தைமேல் காட்டாமல் வைத்திருக்கிறாள் என்றும் சொன்னார். இரவு முழுக்கக் கத்துகிறவரையும், கொடுத்த சோற்றை முகத்தில் எறிகிறவரையும் கண்டு வெறுப்பே வரவில்லை என்று சொல்பவரின் கை ஒருநாள் தன்னை அறியாமல் ஓங்கும். "இன்றைக்கு அவரை அடிக்கணும்போல இருந்தது" என்று சக பணியாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல முடிகிறவர் அடிக்க மாட்டார். வேலை முடிந்து இரண்டு பேர் தேநீரோடு உட்கார்ந்து இதைப் பேசும் அரைமணி நேரம் சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்கு இடம் தராத காப்பகத்தில், சங்கிலி இல்லாவிட்டாலும், அடி இருக்கும்.

மூன்றாவதாகப் பேச்சு. உளப்பகுப்பாய்வு என்றால் ஆழத்தைத் தோண்டுவது, குழந்தைப் பருவத்தைக் கிளறுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பதற்றம் போன்ற மென்மையான மனச்சிக்கல் உள்ளவரிடம் அது ஓரளவு பொருந்தலாம். ஆதிநிலையில் இருப்பவரிடம் தோண்டக் கூடாது. அங்கே எல்லாமே மேலே வந்துதான் கிடக்கிறது. வேண்டியது அதை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சிறு வாக்கியங்கள். "ஏன்" என்ற கேள்வி விசாரணையாகவே கேட்கும், தவிர்ப்பது நல்லது. "உங்களுக்கு அவர்மேல் கோபம்" என்று நோயாளிக்குள் நடப்பதைச் சுட்டிச் சொன்னால், எறிந்ததைத் திருப்பி முகத்தில் எறிவதாக அவருக்குப் படும். "என்னை நம்பலாமா கூடாதான்னு உங்களுக்குத் தெரியலை" என்று, பணியாளரை நோயாளி எப்படிப் பார்க்கிறார் என்பதிலிருந்து தொடங்கினால் தாங்குவார். இந்த வேறுபாட்டை ஜான் ஸ்டைனர் 1993இல் விரிவாக எழுதினார். நடைமுறையில் இதன் பலன் மிகப் பெரிது.

உருவகம் பேசுவதிலும் எச்சரிக்கை வேண்டும். சித்தம் கலங்கியவருக்குக் குறியீடும் பொருளும் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன என்பதை ஹன்னா சீகல் 1957இல் காட்டினார். சங்கிலியில் கிடந்த ஒருவரிடம், "உங்க மனசு கட்டுப்பட்டுக் கிடக்கு" என்று ஒரு ஆற்றுப்படுத்துநர் நல்லெண்ணத்தோடு சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அங்கே உவமை இல்லை. மறுபடி கட்டப்போகிறார்கள் என்ற செய்திதான் இருக்கிறது. அன்றிரவு அவர் ஓடிவிட்டால் குற்றம் நோயினுடையது அல்ல. நேரான, சிறிய, அன்றாடச் சொற்களே போதும்.

"ஜின் பிடிச்சிருக்கு", "செய்வினை", "காத்து கருப்பு" என்று குடும்பம் சொல்லும்போது என்ன செய்வது? மறுத்து வாதிடுவதும் தவறு, ஆமோதித்து மந்திரிக்க அனுப்புவதும் தவறு. பெயரில்லாத திகிலுக்குக் குடும்பம் ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. குடும்பம் இன்னும் நினைக்க முயல்கிறது என்பதன் அடையாளம் அது. அந்தப் பெயரைக் கதவாகப் பயன்படுத்தலாம். ஜின் எப்போது வருகிறது, வந்தால் என்ன சொல்கிறது, அது போன பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நோயாளியின் பயத்தின் வரைபடமே கிடைத்துவிடும். உளப்பகுப்பாய்வாளர் சுதிர் காக்கர் 1982இல் வெளியான தம் நூலில் தர்ஹாக்களையும் கோயில்களையும் இந்தப் பொறுமையோடுதான் பார்த்தார். இலங்கையில் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர கதிர்காமத்துப் பக்தைகளைப் பற்றி 1981இல் எழுதியதும் இந்த வழியில்தான். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை என்பதால் முடிவை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் யாரையும் கட்டாமல் ஏற்றுக்கொண்ட ஓர் இடம் என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி.

எல்லைகளை மறைப்பது நேர்மையாகாது. மனச்சிதைவு நோய்க்கு மருந்து வேண்டும். உளப்பகுப்பாய்வு மட்டுமே செய்து மருந்தைத் தள்ளிப்போட்ட மருத்துவமனைகள் அமெரிக்காவில் இருந்தன. பலர் அதனால் காலத்தை இழந்தார்கள். திடீரென்று குழம்பிப்போனவருக்குக் காய்ச்சலோ, வலிப்போ, தலைக்காயமோ, போதைப்பொருளோ காரணமா என்று மருத்துவர் பார்த்த பின்புதான் மற்றதெல்லாம். குஜராத்தின் மீரா தாதார் தர்ஹாவைப் பின்பற்றி ஏர்வாடிக்கும் வந்த மருந்தும் துஆவும் (வேண்டுதலும்) இணைந்த திட்டம் இதனால்தான் சரியான திசையில் இருக்கிறது. மருந்து புயலைத் தணிக்கும். தணிந்த பிறகு தனியே உட்கார்ந்திருக்கும் மனிதரோடு இருக்க ஆள் வேண்டும். இந்த மடலில் சொன்ன நுட்பத்தின் இடம் அங்கே.

இன்னொரு பழியையும் துடைக்க வேண்டும். ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948இல், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தைச் சொன்னார். அது பரவி, பல தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஆராய்ச்சி அதைத் தாங்கவில்லை. தாய் ஏந்தாததால்தான் நோய் வந்தது என்று பியானை வாசிப்பதும் அதே பிழை. வீட்டை விட்டு, வேலையை விட்டு, பிள்ளையோடு மாதக்கணக்கில் தர்ஹா வளாகத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாயிடம் அந்தக் கருத்தின் நிழல்கூட விழக் கூடாது. அவரையும் ஏந்திக்கொள்ள ஒருவர் வேண்டும்.

பயிற்சிக்கு எங்கே போவது என்ற கேள்வி எஞ்சுகிறது. இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைக் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் 1922இலேயே தொடங்கிவிட்டார். அந்த நூற்றாண்டுப் பழமை ராமநாதபுரம் கரைவரை வந்து சேரவில்லை. ஆனால் பயிற்சியின் மிக முக்கியமான பகுதிக்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். எஸ்தர் பிக் 1948இல் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் தம் மாணவர்களுக்கு ஒரு விதி வைத்தார். புதிதாகக் குழந்தை பிறந்த ஒரு வீட்டுக்கு வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு போக வேண்டும். ஆலோசனை சொல்லக் கூடாது, குறிப்பு எடுக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். வீடு திரும்பிய பிறகு கண்டதை எழுதி, சிறு குழுவில் படிக்க வேண்டும். குழந்தையின் கதறலைக் கேட்டுக்கொண்டு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போது தனக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த மாணவர் கற்றுக்கொள்கிறார். சித்தம் கலங்கியவரின் பக்கத்தில் உட்காருவதற்கு அதுவே ஆயத்தம்.

சிக்கலிலும் சாயல்குடியிலும் கீழக்கரையிலும் தூளி ஆடாத தெரு இல்லை. ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. வீட்டாரின் அனுமதி பெற்று, வரும் மாதமே தொடங்குங்கள்.